விளையில் நிற்கும் பிரேசில்

வீட்டுவழிக் கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு வயது. இரண்டு ஆண்டுகளாக இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மாதம் ஒரு நாடு என்று வைத்துக்கொண்டு, கொடிக்கு வண்ணம் தீட்டுவது, தலைநகரை மனப்பாடம் செய்வது, அந்நாட்டு உணவு ஒன்றைச் சமைப்பது, உடை அணிந்து படம் எடுப்பது என்று நடத்தி வருகிறோம். அண்மையில் முடித்தது பிரேசில். மூன்று வாரம் கழித்து, பிரேசில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மகள் "அந்தப் பச்சைக் கொடிதானே?" என்றாள். வேறொன்றும் அவளுக்கு நினைவில்லை. எங்கே தவறினோம்?
— ஒரு தாய், மேல்புறம்

பதில்: உங்கள் மகள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. கொடியைத்தான் அவள் கையில் கொடுத்தீர்கள், கொடியைத்தான் அவள் திருப்பித் தந்திருக்கிறாள். கொடி, தலைநகர், உணவு, உடை என்ற நான்கு கட்டங்களில் எந்த நாட்டையும் போட்டு நிரப்பிவிடலாம். அடுத்த மாதம் வேறொரு நாடு அதே கட்டங்களில் வந்து அமர்ந்ததும் முந்தைய நாடு அழிந்துபோகிறது. எனவே மாதம் ஒரு நாடு என்ற வேகத்தை விட்டுவிட்டு, ஒரு நாட்டுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். தொடங்கும் இடத்தையும் மாற்றுங்கள். கொடியிலிருந்து தொடங்காமல், உங்கள் விளையிலிருந்து, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்திலிருந்து, தொடங்குங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மேல்புறத்தில் இருந்துகொண்டு பிரேசிலைக் கற்பிக்க வழி கேட்கிறீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது. ஏனெனில் உங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் ரப்பர், மரச்சீனி (மரவள்ளி), கொல்லாமாவு (முந்திரி) ஆகிய மூன்றின் தாய்மண்ணும் அந்த நாடுதான்.

ரப்பரில் தொடங்குவது எளிது. ஆகஸ்ட் வாக்கில் வெயில் ஏறும் நேரத்தில் தோட்டத்தில் காய்கள் படீரென்று வெடித்து விதைகள் தெறித்து விழுவதை உங்கள் பிள்ளைகள் எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள். அன்று விழுந்த விதைகளில் நாற்பதைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். இருபதை அன்றே மண்ணில் ஊன்றட்டும். மீதி இருபதை ஒரு மாதம் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து பிறகு ஊன்றட்டும். இரண்டு பாத்தியிலும் எத்தனை முளைத்தன என்று மகன் கணக்கெழுதட்டும். ரப்பர் விதையின் உயிர் சில வாரங்களில் போய்விடும் என்பதை அவனே கண்டுபிடிப்பான். அதற்குப் பிறகு, அதற்கு முன் அல்ல, இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றில் ஏறத்தாழ 2,700 மட்டுமே முளைத்தன. நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் அந்த வழியில் வளர்ந்தவை. தன் பாத்தியில் முளைக்காத விதைகளைப் பார்த்து வருந்திய பிள்ளைக்கு, கப்பல் ஏன் விரைய வேண்டியிருந்தது என்பதை விளக்கவே வேண்டாம். (ரப்பர் விதையில் நஞ்சு உண்டு. சிறியவள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதிலிருந்து ஒரு கேள்வி தானாக எழும். தாய்நாட்டில் இந்த மரம் நம் ஊரைப் போல வரிசை வரிசையாக நிற்கிறதா? அமேசான் காட்டில் அது பிற மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். அங்கே நெருக்கமாக நட்டால் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோய் மரத்துக்கு மரம் தாவி அழித்துவிடும். 1928இல் ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டில் நிறுவிய பெருந்தோட்டம் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நோய் நம் பக்கத்தை எட்டவில்லை என்பதால்தான் கீரிப்பாறையில் மலைச்சரிவு முழுக்க ரப்பர் நிற்க முடிகிறது. பால் வெட்டுபவர் ஒருவரிடம் அனுமதி பெற்று, விடியுமுன் ஒரு நாள் பிள்ளைகளை உடன் அனுப்புங்கள். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும், சிரட்டை நிறைய எவ்வளவு நேரமாகிறது, வெயிலேறினால் பால் ஏன் குறைகிறது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளட்டும். அமேசானிலும் ரப்பர் எடுப்பவர்கள் இருட்டோடு எழுந்துதான் காட்டுக்குள் போனார்கள். அவர்கள் எடுத்த பாலில் செழித்த மனாவுஸ் நகரம், நட்டநடுக் காட்டில், 1896இல் ஒரு பெரிய இசை நாடக அரங்கையே திறந்தது. ஆசியத் தோட்டங்களின் ரப்பர் சந்தைக்கு வந்ததும் அந்தச் செல்வம் சில ஆண்டுகளில் வடிந்துபோனது. நம் தோட்டங்களின் வாழ்வு இன்னொரு ஊரின் தாழ்வோடு பிணைந்திருப்பதை உங்கள் மகன் புரிந்துகொள்ளும் வயதில்தான் இருக்கிறான்.

மரச்சீனியை மகளுக்கு விடுங்கள். நாம் அவித்து, தண்ணீரை வடித்து, மீன்குழம்போடு உண்கிறோம். அந்தத் தண்ணீரை ஏன் வடிக்கிறோம், ஆடு மரச்சீனி இலையைத் தின்றால் வீட்டில் ஏன் பதறுகிறார்கள் என்று பாட்டியிடம் அவள் கேட்டு வரட்டும். கிழங்கிலும் இலையிலும் உள்ள நஞ்சுதான் காரணம். அமேசான் பகுதிப் பழங்குடிகள் நம்முடையதைவிடக் கசப்பும் நஞ்சும் மிகுந்த கிழங்குகளைப் பயிரிட்டு, அவற்றைத் துருவி, ஓலைநாரால் பின்னிய நீண்ட குழல் போன்ற பையில் அடைத்துத் தொங்கவிட்டு, கீழே இழுத்துச் சாற்றைப் பிழிந்தெடுத்து, எஞ்சிய மாவை வறுத்து உண்ணும் முறையைக் கண்டார்கள். உங்கள் வீட்டுக் கிழங்கைத் துருவி, துணியில் கட்டி நீங்களே பிழிந்து, சாற்றை ஆடு கோழி எட்டாத இடத்தில் கொட்டிவிட்டு, மாவை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துக் கொடுங்கள். அந்த வறுத்த மாவு இன்றும் பிரேசிலில் பயற்றுக் குழம்பின் மேல் தூவி அன்றாடம் உண்ணப்படுவது. நம் பக்கம் மரச்சீனி பரவியதில் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் மாவட்டம் முதலில் அந்த நாட்டோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கொல்லாமாவைப் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள். அங்கே பழத்தின் சாற்றை விரும்பிக் குடிக்கிறார்கள். நாமோ பழத்தைப் பெரும்பாலும் வீணாக்கிவிட்டு அண்டியை (கொட்டையை) மட்டும் எடுக்கிறோம். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை செய்யும் பெண்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர்கள் கைகள் ஏன் கறுத்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் மரியாதையோடு கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைச் சுடும். நாடு விட்டு நாடு போன ஒரு மரத்தைப் பற்றிய பாடத்தில் அந்தக் கைகளுக்கு இடமில்லையென்றால் அது அரைகுறைப் பாடம்.

மொழிக்கு ஒரு மாலை போதும். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய் ஆகிய ஐந்தும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. பிரேசிலில் பேசப்படுவதும் அதே மொழிதான். வீட்டிலுள்ள அந்தப் பொருள்களில் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். அன்னாசி என்ற சொல் இன்னும் பழைய பயணி. அது பிரேசில் கடற்கரையில் வாழ்ந்த தூப்பி மக்களின் மொழியிலிருந்து போர்ச்சுகீசியருக்குப் போய், அவர்கள் வழியாக நம்மிடம் வந்தது.

இனி, உங்கள் மகள் மறந்துபோன 'எங்கே' என்ற கேள்வி. உலக உருண்டையில் கன்னியாகுமரியைக் காட்டுங்கள். அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் இருக்கிறது. பிரேசிலின் கிழக்குக் கரையிலுள்ள ரெசிஃபே நகரம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அதே 8 பாகையில் இருக்கிறது. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நம்மைப் போலவே ஓர் ஊர், கடலும் தென்னையுமாக. முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிப்பொழுது நிழலை அளக்கச் சொல்லுங்கள். நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிப்போகும். செப்டம்பர் தொடக்கத்திலும் அப்படியே நடக்கும். ரெசிஃபேயில் அது பிப்ரவரி இறுதியிலும் அக்டோபர் நடுவிலும் நடக்கிறது. நமக்குச் சூரியன் வடக்கே போகும் மாதங்களில் அவர்களுக்கு அது விலகிப் போகிறது. மணிக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாம் மாலை 6 மணிக்கு விளக்கேற்றும்போது ரெசிஃபேயில் காலை 9.30.

கொடி கடைசியில் வரட்டும். மே மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் ஏதேனும் ஒரு கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால் தொடுவானத்துக்குச் சற்று மேலே தெற்குச் சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் தெரியும். வட இந்தியக் குழந்தைகளுக்கு எளிதில் கிடைக்காத காட்சி அது. முதிய மீனவர் ஒருவரிடம் அதற்கு அவர்கள் வழங்கும் பெயரைக் கேளுங்கள். பிறகு பிரேசில் கொடியை எடுத்து, நீல வட்டத்துக்குள் அதே விண்மீன்களைத் தேடச் சொல்லுங்கள். அந்த 27 விண்மீன்களும், 1889 நவம்பர் 15 அன்று காலை ரியோ நகரத்துக்கு மேலிருந்த வானத்தைக் குறிக்கின்றன. அது அந்நாடு குடியரசான நாள்.

உடை அணிந்து படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இறகு வைத்த நடன உடை, ரியோ போன்ற சில நகரங்களில் ஆண்டுக்குச் சில நாள் நடக்கும் திருவிழாவுக்கு உரியது. நம் மாவட்டத்தைப் படிக்கும் ஒரு பிரேசில் குழந்தை நாம் எல்லோரும் நாள்தோறும் களியல் ஆடுவதாக நினைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட பல லட்சம் மக்களின் பேரப்பிள்ளைகளும், ஜப்பானிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும், மண்ணின் பழங்குடிகளும் சேர்ந்த நாடு அது. அங்கே அடிமைமுறை 1888இல்தான் ஒழிந்தது. மகனுக்கு இதைச் சொல்லலாம். மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும்.

கேள்வி: எங்கள் ஊரின் வெற்றித்தூணைக் காட்டி, டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த கதையைச் சொன்னேன். ஒன்பது வயது மகள், "டச்சுக்காரர்கள் கெட்டவர்களா, அப்பா?" என்று கேட்கிறாள். நெதர்லாந்து நாட்டை அவளுக்கு வெறுப்பில்லாமல் எப்படிக் கற்பிப்பது?
— ஒரு தந்தை, குளச்சல்

பதில்: அவள் கேட்டது நல்ல கேள்வி. விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

முதலில் ஒரு பிடி நல்லமிளகை அவள் உள்ளங்கையில் வையுங்கள். 1741இல் கப்பல்கள் உங்கள் கரைக்கு வந்தது இதற்காக. வந்தது நெதர்லாந்து மக்கள் அனைவரும் அல்ல, 1602இல் தொடங்கப்பட்ட ஒரு வணிகக் கம்பெனி. படை வைத்துக்கொள்ளவும், போர் தொடுக்கவும், கோட்டை கட்டவும் உரிமை பெற்றிருந்த கம்பெனி அது. மிளகை வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று அது கட்டாயப்படுத்தியதுதான் பகையின் வேர். ஒரு கம்பெனி செய்த தீமைக்கும் ஒரு மக்களினத்தின் இயல்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒன்பது வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். சந்தையில் மீன் வாங்க வருபவர் ஒருவர் மட்டும், விலையும் அவர் சொல்வதுதான் என்றால் கட்டுமரக்காரர் கதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். குளச்சல் பிள்ளைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பு, 1630 முதல் 1654 வரை, நெதர்லாந்தின் இன்னொரு கம்பெனி, மேலே சொன்ன ரெசிஃபே நகரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அங்கே மிளகின் இடத்தில் சர்க்கரை.

அடுத்து, ஒரு விடுமுறை நாளில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டி லனாய், பின்னர் அதே மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி அளித்து, தளபதியாகி, 1777இல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லறையைத் தொடாமல், நின்றபடி அதை வரையச் சொல்லுங்கள். "எதிரி ஏன் இங்கே படுத்திருக்கிறார்?" என்று அவளே கேட்பாள். அவர் விரும்பித் தங்கினாரா, வேறு வழியில்லாமல் தங்கினாரா என்று இருவரும் பேசுங்கள். முடிவு கட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் நாடு. நெதர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இதைச் சொன்னால் போதாது, செய்து பார்க்க வேண்டும். அகலமான ஒரு தாம்பாளத்தின் குறுக்கே களிமண்ணால் வரப்பு எழுப்பி, ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றி, மறுபக்கம் சில கூழாங்கற்களை வீடுகளாக வையுங்கள். சற்று நேரத்தில் வரப்பு கசியும். கசியும் நீரை அவள் சிறு சிரட்டையால் இறைத்துக்கொண்டே இருக்கட்டும். கை ஓய்ந்தால் வீடுகள் நனையும். அந்த ஓயாத இறைப்பு வேலைக்காகத்தான் அந்நாட்டார் காற்றாலைகளைக் கட்டினார்கள். கிண்டர்டைக் என்னும் இடத்தில் அத்தகைய 19 பழைய காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. முப்பந்தல் வழியாகப் போகும்போது நம் காற்றாலைகளைக் காட்டி, அங்கே காற்று தண்ணீரை இறைத்தது, இங்கே மின்சாரம் தருகிறது என்று சொல்லுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஏன் இவ்வளவு வலுவாக வீசுகிறது என்பது இன்னொரு நாள் பாடம்.

1953 பிப்ரவரி 1ஆம் நாள் விடியற்காலையில் புயலோடு ஏறிய கடல் அங்கே அணைகளை உடைத்து 1,800க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உங்கள் ஊர் 2004 டிசம்பர் 26ஐ அறியும். உங்கள் குடும்பத்திலோ அண்டையிலோ அன்று யாரையேனும் இழந்திருந்தால் முதலில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் மகளிடம் இதைப் பேசுங்கள். பேச முடிந்தால், கடலரிப்பைத் தடுக்கக் கடலோரத்தில் கல்லால் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகளை அவளோடு நடந்து பார்த்து, அலை எந்தப் பக்கம் மணலைச் சேர்க்கிறது, எந்தப் பக்கம் அரிக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். கடலுக்கு அஞ்சி, கடலோடு வாழும் இன்னொரு மக்களாக அவர்களை அவள் பார்ப்பாள். அப்போது அவளுடைய முதல் கேள்வியை நீங்கள் அவளிடமே திருப்பிக் கேட்கலாம்.

கேள்வி: பெரிய சுவர் வரைபடம் வாங்கி மாட்டினோம். அதைப் பார்த்த என் பேரன், கிரீன்லாந்துதான் பிரேசிலைவிடப் பெரியது என்று சாதிக்கிறான். எப்படித் திருத்துவது?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: அவன் கண் பொய் சொல்லவில்லை, வரைபடம்தான் அப்படிக் காட்டுகிறது. ஒரு சாத்துக்குடியின் மேல் பேனாவால் சில நாடுகளை வரையச் சொல்லி, தோலை உரித்து மேசையில் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். தோல் கிழியும். கிழியாமல் காட்ட வேண்டுமானால் ஓரங்களை இழுத்து நீட்ட வேண்டும். அப்படி இழுத்ததில் துருவங்களுக்கு அருகிலுள்ள நாடுகள் ஊதிப் பெருத்துவிட்டன. கிரீன்லாந்து ஏறக்குறைய 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியா 32.9 லட்சம், பிரேசில் 85 லட்சம். உலக உருண்டை மிகச் சிறியதாக இருந்தாலும் ஒன்று வாங்கி வையுங்கள். தூரத்தை அதன் மேல் நூல் வைத்து அளக்கட்டும். சுவர் வரைபடத்தை எறிய வேண்டாம். எந்த நாடு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க அது உதவும்.

கேள்வி: என் கணவர் பஹ்ரைனில் மீன்பிடித் தொழில் செய்கிறார். எட்டு வயது மகன் பள்ளிக்குப் போகிறான். மாலை நேரம் மட்டும்தான் எங்களுக்கு உண்டு. பொருள்கள் வாங்கவும் வசதியில்லை. உங்கள் பகுதியில் வருவதைப் போல நானும் அவனுக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்க முடியுமா?
— ஒரு தாய், இனயம்

பதில்: தாராளமாக முடியும், அம்மா. நாடுகளைப் பற்றிய எத்தனை நூல் வாங்கினாலும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: அந்த நாட்டிலிருந்து தமிழில் பேசும் ஒருவர் நாள்தோறும் உங்களை அழைக்கிறார். பஹ்ரைனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அழைப்பிலும் மகன் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். விடையை ஒரு பழைய நோட்டில் தேதியோடு எழுதட்டும். இன்று கரையில் இருந்தீர்களா, கடலில் இருந்தீர்களா? அங்கே மணி என்ன? நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. ஏன் என்று அவன் கேட்கும்போது, இருட்டறையில் பந்தையும் டார்ச் விளக்கையும் வைத்துக் காட்டுங்கள். இன்று வலையில் என்ன பட்டது, அதை அரபு மொழியில் எப்படிச் சொல்வார்கள்? நம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை இருப்பதைப் போல அங்கேயும் உண்டா? குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஓடும் ஆறில்லாத நாடு அது. இன்று கடல்நீரை உப்பு நீக்கிக் குடிக்கிறார்கள். முற்காலத்திலோ கடலுக்கு அடியிலேயே நன்னீர் ஊற்றுகள் பொங்கின. முத்துக் குளிப்பவர்கள் தோல்பையோடு மூழ்கி அந்த நீரை நிரப்பி எடுத்தார்கள். கடலோரப் பிள்ளைக்கு இது எவ்வளவு வியப்பாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

'பஹ்ரைன்' என்ற அரபுச் சொல்லுக்கு இரண்டு கடல்கள் என்று பொருள். மூன்று கடல் சேரும் மாவட்டத்துப் பிள்ளை அதை மறக்க மாட்டான். அந்த நாடு முழுவதும் சேர்ந்தால் ஏறக்குறைய 780 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டம் 1,672. ஓர் அரிசிப்படியை நம் மாவட்டம் என்று வைத்துக்கொண்டால், அரைப்படிக்கும் சற்றுக் குறைவாக அளந்து காட்டினால் போதும். 1932இல் அங்கே எண்ணெய் கிடைத்தது; அதே காலத்தில், ஜப்பான் வளர்த்தெடுத்த செயற்கை முறை முத்துகளால் முத்துக்குளிப்புத் தொழில் நலிந்தது. வேலை தேடிப் பிற நாட்டார் அங்கே போவது எப்படித் தொடங்கியது என்பதும், அவனுடைய அப்பா ஏன் அங்கே இருக்கிறார் என்பதும் அந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன. அதை நீங்கள் உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள். என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.

நோட்டு பாதி நிறைந்ததும், அப்பா சொன்னவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் படத்தையும் பார்க்காமல், அந்தத் துறைமுகத்தையும் அவர் தங்கும் இடத்தையும் படகு போகும் வழியையும் அவன் ஒரு வரைபடமாக வரையட்டும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். கணவர் ஊருக்கு வந்ததும், மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வேறு நிற மையால் அவர் திருத்திக் கொடுக்கட்டும்.